ஆயா சென்டர் அலமு

"இப்ப நான் நோயாளி. இடது கை, இடது கால் ரெண்டும் வராது. பேச்சும் வராது. திருப்பு, பாக்கலாம்."

வங்காளியில் இப்படிச் சொல்லிவிட்டு அலமு இரும்புக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். எதிரே நிற்கும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். காலை லோக்கல் ரயிலில் வந்து இறங்கியவள். கையில் துணிப்பை, முகத்தில் வியர்வை. அலமுவின் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுக்கிறாள். எழுபத்தைந்து கிலோ உடம்பு அசையவில்லை. இன்னொரு முறை பலம் கொடுத்து இழுக்கிறாள்.

"தோள் கழண்டுடுச்சு" என்கிறார் நோயாளி, கண்ணைத் திறக்காமலே. "பரவாயில்லை. இப்ப இடுப்புல கை வை. முட்டியை மடக்கு. இழுக்காதே. உருட்டு."

பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மீன் கடைகள் முடிகிற சந்தில், தரைத்தளத்தில் இரண்டு அறைகள். வாசலில் 'ஆயா சென்டர்' என்று வங்காளியில் ஒரு தகரப் பலகை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்பும் இடம். முன்னறையில் மேஜை, இரண்டு கைப்பேசி, சுவரோரம் நீளமான பெஞ்சு. பின்னறையில் இந்தக் கட்டில். வேலை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அலமுவைத்தான் புரட்டிப் போட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் புரட்டுவார்கள். சாயங்காலம் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் ஆள் அனுப்பறேன். எனக்கு ஒருத்தி வேண்டியிருக்கு" என்று சிரிப்பார்.

அறுபத்தொரு வயது. கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஏதோ ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்தராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அலமு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருடம் வரவேற்பு மேஜையில் இருந்தார். அதை மூடிவிட்டு அடுக்குமாடி கட்டியபோது, அங்கே வேலை பார்த்த இரண்டு ஆயாக்கள் "நாங்க எங்கே போறது, தீதி?" என்று கேட்டார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் சென்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழர்கள் எல்லோரும் மாமி என்கிறார்கள். "மாமா இல்லாமலே மாமி ஆயிட்டேன்" என்பார். வங்காளிகளுக்கு அலமு என்ற பெயர் வாயில் நிற்காது. 'ஆலோதி' என்று ஆக்கிவிட்டார்கள். ஆலோ என்றால் வெளிச்சம்; தி, தீதி எல்லாம் அக்கா. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவார்.

சில வினோதங்களும் உண்டு. கைப்பேசியில் பேசும்போது உட்கார மாட்டார். நின்றுகொண்டுதான் பேசுவார், எதிரில் ஆள் இருப்பதைப் போல. வேலைக்கு வருகிற பெண்களின் நகத்தைப் பார்ப்பார். மேஜை டிராயரில் பத்துப் பன்னிரண்டு நகவெட்டிகள் வைத்திருக்கிறார். வெட்டிக்கொண்டால்தான் அடுத்த பேச்சு. புதுப் பெண்களுக்கு முதல் நாள் ஒரு தட்டுச் சோறும் பருப்பும் போட்டு, எதிரே உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைக் கவனிப்பார். "பசியோட இருக்கறவ பேஷன்டுக்கு வேகமா ஊட்டுவா. அதான் முதல்ல இவாளைச் சாப்பிட வெக்கறேன்" என்று எனக்குக் காரணம் சொன்னார்.

எனக்கு அவர் அறிமுகமானது போன ஆகஸ்டில். துறைமுக அலுவலகத்தில் வேலை எனக்கு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம். உடன் இருக்கும் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆள் வேண்டும். யாரோ கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன்.

"ட்ரெய்ன்ட் ஆள் இருக்காங்களா, மாமி?"

"இல்லை" என்றார்.

"யாருமே இல்லையா?"

"நல்ல பொண்ணுகள் இருக்கா. ட்ரெய்னிங் பாதில இருக்கா. பதினஞ்சு நாள் ஆகணும். ஒன்பது நாள் ஆயிருக்கு. இன்னும் ஆறு நாள் பொறுத்துக்கறேளா?"

ஆறு நாள் பொறுக்கிற நிலைமையா அது? வைத்துவிட்டேன். அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். "ஃபுல் ட்ரெய்ன்ட், சார். ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க" என்று ஒரு பையன் சொன்னான். வந்த பெண் அப்பாவை உட்கார வைக்கிறேன் என்று ஆபரேஷன் செய்த காலையே பிடித்துத் தூக்கினாள். அப்பா போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அவளே சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அவள் மீது எனக்குக் கோபமில்லை. பயந்து போயிருந்தாள். அப்புறம் நானும் என் மனைவியும் லீவு போட்டுவிட்டு, அலமுவின் ஆறு நாளுக்காகக் காத்திருந்தோம்.

இந்த ஊரின் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வயதானவர்கள். பிள்ளைகள் பெங்களூரில், டெக்சாஸில், சிங்கப்பூரில். ரயிலில் ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் வீட்டுக்கு வீடு வேலை இல்லாத பெண்கள். நடுவில் அலமுவின் மேஜை. "ஆளும் இருக்கு, வேலையும் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்கறது" என்பார். வரும் அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு 'ஆள் இல்லை' என்றே பதில் சொல்கிறார். சான்றிதழோடு வரும் பெண்களும் உண்டு. மூன்று மாதப் படிப்பு, கண்ணாடித் தாள் ஒட்டிய அட்டை, முத்திரை. "எதுல கத்துண்டே?" என்று கேட்டால் "பொம்மையில" என்கிறார்கள். சில இடங்களில் பொம்மைகூட இல்லையாம், படம் காட்டினார்களாம். நிஜமாகவே கை பழகியவர்களை ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொள்கின்றன. செயலி வைத்து நடத்தும் பெரிய கம்பெனிகள் சீருடை மாட்டி பெங்களூருக்கு அழைத்துப் போகின்றன. அலமுவிடம் பழகிய பெண் ஆறு மாதம் தங்கினால் அதிகம்.

முன்பெல்லாம் அலமுவின் பெஞ்சில் உட்கார இடம் இருக்காதாம். நாற்பது பெண்கள் வரை இருந்திருக்கிறார்கள். இப்போது ஒன்பது பேர். அது எப்படி ஆனது என்பது எனக்கு இந்த ஜனவரியில்தான் தெரிந்தது. நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம். விஸ்வநாதன் என்று ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர், எண்பத்திரண்டு வயது, பாலிகஞ்சில் தனியாக இருந்தார். மனைவி இல்லை. ஒரே பெண் தாரா டொராண்டோவில். அவருக்குப் பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பகலில் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவை ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை அவள் வரவில்லை. தாரா அங்கிருந்து கூப்பிட்டாள். "மாமி, இன்னிக்கே யாரையாவது அனுப்புங்கோ. ட்ரெய்ன்ட் ஆளா இருக்கணும்."

பெஞ்சில் அன்று ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்திருந்தாள். டும்பா நஸ்கர், இருபத்தாறு வயது. கேனிங் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். பட்டறை மூடிப்போய், சென்டருக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அலமுவை முதல் தடவையே சரியாகப் புரட்டிப் போட்டவள். நல்ல கை. குழாயில் ஆகாரம் ஊற்றுவதை இரண்டு முறை பார்த்திருந்தாள். ஒரு முறை தானே செய்திருந்தாள்.

"ட்ரெய்ன்ட்தான்மா. அனுப்பறேன்" என்றார் அலமு, நின்றுகொண்டே.

டும்பாவிடம் எல்லாம் சொன்னார். எத்தனை மணிக்கு எவ்வளவு, குழாயை எப்படிக் கழுவுவது, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது. "குழாய்லதான் கொடுக்கணும்" என்றும் சொன்னார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லவில்லை. ஏன் கூடாது என்றும் சொல்லவில்லை. வழக்கமாக அது ஐந்தாம் நாள் பாடம்.

விஸ்வநாதனுக்குப் பேச்சு முழுக்கப் போகவில்லை. இரண்டு மூன்று வார்த்தைகள் மிச்சம் இருந்தன. வங்காளியும் ஆங்கிலமும் போய், தமிழ் மட்டும் கொஞ்சம் நின்றிருந்தது. நான்காம் நாள் காலை டும்பாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "காபி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை டும்பாவுக்குப் புரிந்தது. எண்பத்திரண்டு வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு கேட்கிறார். அடுக்களைக்குப் போய்ப் பால் சுடவைத்துக் கலந்து, ஆற்றி, ஒரு ஸ்பூன் வாயில் ஊற்றினாள். அவர் படுத்தபடியே இருந்தார். சிரித்தாராம். இரண்டாவது ஸ்பூன் கொடுத்தாள். இருமல் வந்தது.

மறுநாள் காய்ச்சல். காபி கொடுத்ததை டும்பா தானாகவே சொல்லிவிட்டாள். நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாரா விமானம் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், டும்பா சுவரோரம் நின்றுகொண்டிருக்க, தாரா அலமுவிடம் தமிழில் கேட்டாள்: "அந்தப் பொண்ணு ட்ரெய்ன்ட்னுதானே சொன்னேள், மாமி?"

"ட்ரெய்ன்ட்தான்மா. படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினேன். அவ கேக்கலை."

டும்பாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'ட்ரெய்ன்ட்' என்ற சொல் தெரியும். அதைக் கேட்டதும் நிமிர்ந்து அலமுவைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் விஸ்வநாதன் இறந்துபோனார். அன்று மாலையே அலமு, பக்கத்து ஆயா சென்டர்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் டும்பாவின் படத்தைப் போட்டு, 'இந்தப் பெண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டாம்' என்று எழுதினார். அவளையும் கூப்பிட்டு, அப்படி எழுதிவிட்டதைச் சொன்னார். அப்புறம் டும்பா அந்தச் சந்துப் பக்கம் வரவில்லை.

"என்னமோ அந்த நேரத்துக்கு அதான் வாயில வந்தது" என்று என்னிடம் சொன்னார் அலமு. "வந்த வார்த்தையைக் காப்பாத்தறதுக்காக அடுத்ததையும் பண்ணிட்டேன்."

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் சென்டர் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரும்புக் கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தன் வாயில் தானே இரண்டு ஸ்பூன் காபி ஊற்றிக்கொண்டு பார்த்தாராம். மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து, கால் மணி நேரம் இருமினாராம். விழுங்கத் தெரிந்த தொண்டைக்கே அந்தக் கதி. அடுத்த நாளிலிருந்து பதினைந்து நாள் முடியாமல் யாரையும் அனுப்புவதில்லை என்று வைத்தார். பதினைந்து நாள் சம்பளம் இல்லாமல் உட்கார அந்தப் பெண்களால் முடியுமா? அடுத்த தெருச் சென்டரில் அன்றைக்கே வேலை கிடைக்கிறது. பெஞ்சு காலியானது. 'ட்ரெய்ன்ட் இல்லை' என்று சொல்கிற சென்டருக்கு வீட்டுக்காரர்களும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. பெரும்பாலும் அலமுவை விட்டுப் போன பெண்களைத்தான் மற்றவர்கள் 'ஃபுல் ட்ரெய்ன்ட்' என்று அனுப்பினார்கள்.

ஜனவரியில், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஊருக்குப் போக லீவு வேண்டும் என்று பேசுவதற்காக நான் சென்டருக்குப் போயிருந்தேன். வாசலில் டாக்சி நின்றது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். அலமு எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது.

"உட்காருங்கோ, மாமி. பிளாட்டை வித்தாச்சு. சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பறேன். அப்பாவோட வீல் சேர் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு உபயோகப்படுமேன்னு கேக்க வந்தேன்" என்றாள் தாரா.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். அலமு கையால் உட்காரச் சொன்னார். சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும் என்பது போல.

"தாரா, அந்தப் பொண்ணு ட்ரெய்ன்ட் இல்லை."

"எந்தப் பொண்ணு?"

"டும்பா. மூணு நாள்தான் ஆகியிருந்தது. வாயில ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. அவ கேக்கலைன்னு உன்கிட்டே சொன்னது பொய்."

வெளியே ஒரு லோக்கல் வந்து நின்று புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. பிறகு தாரா, "அப்பா காபின்னு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார்."

"தமிழ்லயா?"

"காபின்னுதாம்மா. அவ காலைப் பிடிக்காத குறையாக் கேட்டாராம்."

"குடிச்சாரா?"

"ரெண்டு ஸ்பூன். சிரிச்சாராம்."

தாரா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அலமு பக்கத்தில் போகவில்லை. போக உரிமை இல்லாதவர் மாதிரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்துத் தாரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நானும் இன்னிக்கே அனுப்புங்கோன்னுதானே நின்னேன்" என்றாள். "ஆனா உங்களை நான் மன்னிச்சுட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியலை, மாமி. அந்தப் பொண்ணு எங்கே இருக்கா?"

"தெரியாது."

"ரெண்டு வருஷமாத் தெரியாதா?"

சக்கர நாற்காலியை டாக்சியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தாரா போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். முட்டி வலியோடு லோக்கல் ரயிலில் தனியாக ஏற முடியாது அவரால். கேனிங்கில் இறங்கி, மாத்லா ஆற்றுப் பாலம் தாண்டி, ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போனோம். பழைய விண்ணப்பத்தில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் விசாரித்து, ஒரு குளத்தங்கரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை. வாசல் முழுக்க நீலத் துணி. அதன் நடுவே தையல் மெஷினில் டும்பா உட்கார்ந்திருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் காலால் மிதிப்பதை நிறுத்தினாள். எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "உட்காருங்க, தீதி." உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தாள். புருஷன் கேரளத்தில் கொத்து வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"உன் மேல பொய் சொன்னேன்" என்றார் அலமு. நான் அறிந்த வரையில் அவர் வங்காளியில் தடுமாறியது அப்போதுதான்.

"தெரியும். அந்த வார்த்தை எனக்குப் புரிஞ்சுது."

"ஏன் அப்பவே சொல்லலை?"

டும்பா கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "தீதி, தாது எதனால செத்துப்போனார்?"

தாது என்றால் தாத்தா. அலமுவுக்குக் கேள்வி புரியவில்லை.

"யாருமே எனக்குச் சொல்லலை. நான் ரெண்டு ஸ்பூன்தானே கொடுத்தேன்? பால் கெட்டுப்போயிருந்துதா? நான் மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துது. பாத்திரத்துல ஏதாவது இருந்துதா? நல்லாக் கழுவினேனே. ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். வீட்டுல யாருக்கும் நான் இப்ப பால் காய்ச்சுறதில்லை. மாமியார்தான் காய்ச்சுறாங்க."

அலமு ஸ்டூலிலிருந்து இறங்கினார். முட்டி மடங்காது அவருக்கு. ஒரு கையைத் தரையில் ஊன்றி, முனகிக்கொண்டே அந்த நீலத் துணிகளின் மேல் டும்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கே ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மூச்சுக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு. நாம விழுங்கும்போது மூச்சு வழி தானா மூடிக்கும். அவருக்கு மூடாது. பக்கவாதத்துல அது செத்துப்போச்சு. படுத்தபடியே கொடுத்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். பால் நல்ல பால். உன் பாத்திரமும் சுத்தமா இருந்துது."

டும்பா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். மறுபடியும் விழுங்கிப் பார்த்தாள்.

"உட்கார வெச்சுக் கொடுத்திருந்தா?"

"அப்பவும் கொடுத்திருக்கக் கூடாது. அதை உனக்கு நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேனே, தீதி."

அதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலத்தான் சொன்னாள். அலமு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்துகொள், நானே பதினைந்து நாளும் சம்பளத்தோடு சொல்லித் தருகிறேன் என்று அலமு கேட்டுப் பார்த்தார்.

"வேலை வேண்டாம். இனிமே யாரோட வாய்க்கும் என் கையால எதுவும் கொண்டுபோக மாட்டேன். பேரை மட்டும் எடுத்துடுங்க. எல்லா சென்டர்லயும் என் படம் இருக்காமே. அந்த ஸ்டேஷன்ல இறங்கினா யாராவது அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம். எங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தப்போகூட பாலிகஞ்ச்ல இறங்காம முன்னாடி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தேன்."

மறுநாள் அலமு கடிதம் எழுதினார். தன் கைப்பட, வங்காளியில், சென்டர் முத்திரை வைத்து. டும்பா நஸ்கர் மேல் தவறு இல்லை, பயிற்சி தராமல் அனுப்பியது நான், என் வார்த்தையை நான் திரும்பப் பெறுகிறேன் என்று நான்கு வரி. வாட்ஸப்பில் போட்டால் போதாதா என்றேன். "போட்டேன். அதை எத்தனை பேர் படிப்பா? அவளைப் பத்தி நேர்ல பாக்கறவாகிட்டேயெல்லாம் வாயால சொன்னேனே" என்றார். பதினொரு சென்டர். பதினொரு பிரதி. எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார்.

சனிக்கிழமை நான் கூடப் போனேன். முதல் சென்டர்காரர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "யார் இது?" என்றார். இரண்டாவது இடத்தில் ஒரு அம்மாள், "ஆலோதி, நீங்க வேற. அந்த லிஸ்டையெல்லாம் பாத்தா நான் யாரை அனுப்புறது? இருக்குற ஆள் பஞ்சத்துல எவ வந்தாலும் அனுப்பிட்டுத்தான் இருக்கேன். அவ வந்திருந்தா அன்னிக்கே வேலை கொடுத்திருப்பேன்" என்று வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவது இடத்திலும் ஏறக்குறைய அதே பதில். யாரும் அந்தப் படத்தை நினைவில் வைத்திருக்கவில்லை. யாரும் அந்தப் பெயரை விலக்கி வைக்கவில்லை. தன்னைத் தானே விலக்கி வைத்துக்கொண்டவள் டும்பா ஒருத்திதான்.

தெருவில் இறங்கியதும் அலமு சற்று நேரம் நின்றுவிட்டார்.

"இதை அவகிட்டே சொல்லணுமா?" என்று என்னைக் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மீதி எட்டையும் கொடுத்துடறேன். வரேளா?" என்று நடக்க ஆரம்பித்தார்.

கடைசிச் சென்டர் கஸ்பாவில் இருந்தது. புதியது, கண்ணாடிக் கதவு, குளிர்ந்த வெளிச்சம். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞனுக்கு அலமுவைத் தெரியாது. ஒரே சமயத்தில் இரண்டு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்து பாராமலே, "வேலைக்கா? உட்காருங்க, மாஷி. பேர் கூப்பிடுவேன்" என்று சுவரோரப் பெஞ்சைக் காட்டினான். மாஷி, அதாவது சித்தி என்று, அங்கே வேலைக்கு வருகிற எல்லோரையும்தான் கூப்பிடுவார்கள். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அலமு என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, செருப்பைக் கதவருகே விட்டுவிட்டுப் போய், துணிப்பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் கடைசியில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் ஆனது. வரிசை கரைந்து அவர் முறை வந்தது. "அடுத்தது" என்றான் இளைஞன். அலமு எழவில்லை. தனக்கு அப்புறம் வந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முழங்கையைத் தொட்டு, "நீ போ. உனக்கு ரயில் இருக்கு" என்றார். அவள் எழுந்து போனதும் பெஞ்சில் ஓரிடம் நகர்ந்து உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் கடிதத்தின் ஓரம் மடங்கிவிடாமல், மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.